மாமாவின் மடல்கள்: எம்பாக்ஸ், திஸ்கி, ஒரு மூல ஓலை

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மா திடீரென்று கேட்டார். "ஏம்பா, உம் மாமன் சிங்கப்பூர்லேருந்து கம்ப்யூட்டர்ல எழுதுவானே, அதெல்லாம் எங்க இருக்கு?"

மாமா 2007-ல் தவறிவிட்டார். அம்மாவுக்கு ஒரே தம்பி. 1997-லிருந்து ஏறக்குறைய பத்து வருஷம் எனக்கு மின்னஞ்சல் எழுதினார். எனக்கு என்று பெயர், முக்கால்வாசி அம்மாவுக்குத்தான். நான் அதை பிரிண்ட் எடுத்து, உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறி, திருநாவலூருக்குக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுவேன். அந்தத் தாள்களையெல்லாம் அம்மா ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பரண்மேல் வைத்திருந்தார். பெட்டியின் மூடி சரியாக மூடாது. இந்தத் தடவை இறக்கிப் பார்த்தால் கரையான்தான் மிச்சம்.

"இருக்கும்மா, கம்ப்யூட்டர்ல இருக்கு, எடுத்துத் தரேன்" என்று சொல்லிவிட்டேன். இருபத்தைந்து வருஷமாக மென்பொருள் எழுதுகிறவன், இதுகூட முடியாதா என்ற நினைப்பு. முடிந்தது, ஆனால் பாதிதான். ஏன் பாதி கிடைத்தது, ஏன் பாதி போனது என்று தோண்டியதில் கிடைத்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. மின்னஞ்சலை எந்த வடிவத்தில் சேமித்து வைக்கிறோம் என்பது நிரல் எழுதுகிறவர்களுக்கு மட்டுமான விஷயம் என்று நானும் நினைத்திருந்தேன்.

ஒரே கோப்பில் எல்லா மடலும்

நான் பி.இ. படித்தது 1995 முதல் 1999 வரை. இந்தியாவில் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கொடுக்க ஆரம்பித்தது 1995 ஆகஸ்ட் 15. படம் எல்லாம் வராத, வெறும் எழுத்து மட்டும் ஓடும் 'ஷெல்' கணக்குதான் மாணவர்களுக்கு. எங்கள் கல்லூரிக் கணினி மையத்திலும் அதே கதை: கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மடல் படிக்க 'பைன்' என்ற நிரல். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1989-ல் எழுத ஆரம்பித்த நிரல் அது. மெனுவைத் திரையின் அடியிலேயே காட்டும் என்பதால் கம்ப்யூட்டரைப் புதிதாகத் தொடுகிறவர்களும் பத்து நிமிஷத்தில் பழகிவிடுவார்கள். அதற்கு முன்னால் 1986-ல் டேவ் டெய்லர் எழுதிய 'எல்ம்' இருந்தது. பின்னால் 1995-ல் மைக்கேல் எல்கின்ஸ் எழுதிய 'மட்' வந்தது.

இந்த மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. மூன்றுமே 'எம்பாக்ஸ்' வடிவத்தைப் படிக்கும், எழுதும்.

எம்பாக்ஸ் என்பது யூனிக்ஸின் ஆரம்ப காலத்திலிருந்தே வரும் வழக்கம். ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு, அவ்வளவுதான். மடல்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அதில் ஒட்டப்பட்டிருக்கும். ஒரு மடல் எங்கே தொடங்குகிறது என்று எப்படித் தெரியும்? வரியின் தொடக்கத்தில் 'ஃப்ரம்' என்ற நான்கு ஆங்கில எழுத்தும் அதற்கடுத்து ஒரு இடைவெளியும் வந்தால் புது மடல். அந்த வரியிலேயே அனுப்பியவர் முகவரியும் தேதியும் இருக்கும். பிறகு மடலின் தலைப்பு வரிகள், ஒரு வெற்று வரி, அப்புறம் மடலின் உடல்.

இதில் ஓட்டை இருப்பது உங்களுக்கு உடனே தெரிந்திருக்கும். மடலை எழுதுகிறவரே ஒரு வரியை 'ஃப்ரம்' என்று தொடங்கினால் என்ன ஆகும்? ஒரு மடல் இரண்டாகப் பிளந்துவிடும். அதைத் தடுக்க, சேமிக்கும்போது அந்த வரிக்கு முன்னால் ஒரு 'பெரிது' குறியைச் சேர்த்துவிடுவார்கள். திரும்பப் படிக்கும்போது அந்தக் குறியை எடுக்க வேண்டுமா, வேண்டாமா? மடல் எழுதியவரே அந்தக் குறியைப் போட்டிருந்தால்? ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு விதமாகச் செய்ததால் எம்பாக்ஸுக்குள்ளேயே குறைந்தது நான்கு கிளைகள் உண்டாகிவிட்டன. இந்த வடிவத்தைப் பற்றி முறையாக ஓர் ஆர்.எஃப்.சி. ஆவணம் வந்ததே 2005-ல்தான். அதற்குள் எம்பாக்ஸுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது.

மாமா ஒரு மடலை ஆங்கிலத்தில் 'ஃப்ரம் சாங்கி ஏர்போர்ட்' என்று தொடங்கியிருக்கிறார். அந்த வரிக்கு முன்னால் அந்தக் குறி இன்றைக்கும் நிற்கிறது. 1998-ல் எங்கள் கல்லூரிக் கணினி ஒன்று வைத்த பொட்டு.

வேறு குறைகளும் உண்டு. ஒரே கோப்பு என்பதால், புது மடலை ஒரு நிரல் எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு நிரல் பழைய மடலை அழிக்கப் போனால் இரண்டும் மோதிக்கொள்ளும். நடுவில் ஒரு மடலை அழித்தால் மொத்தக் கோப்பையும் திரும்ப எழுத வேண்டும். இதற்கு மாற்றாக அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் 1970-களின் கடைசியிலேயே 'எம்.ஹெச்.' என்ற ஏற்பாடு வந்துவிட்டது: ஒரு மடலுக்கு ஒரு கோப்பு, ஓர் அடைவு முழுக்க மடல்கள். 1990-களின் நடுவில் டேனியல் பெர்ன்ஸ்டீன் தன் 'கியூமெயில்' நிரலுக்காக அந்த எண்ணத்தையே இறுக்கிக் கட்டி 'மெயில்டிர்' வடிவத்தைக் கொண்டுவந்தார். அதில் மூன்று உள் அடைவுகள். பாதி எழுதிய மடல் ஒன்றில், வந்து இன்னும் பார்க்காத மடல் இன்னொன்றில், பார்த்த மடல் மூன்றாவதில். முழுதாக எழுதி முடித்த பிறகே மடல் அடுத்த அடைவுக்கு நகரும். அதனால் பூட்டு எதுவும் தேவையில்லை. நடுவில் கரண்ட் போனாலும் பாதி மடல் உள்ளே புகாது. நம் ஊருக்கு ஏற்ற வடிவம் என்று சொல்லலாம்!

மெயில்டிரிலும் ஒரு வேடிக்கை உண்டு. மடலைப் படித்தாயிற்றா, பதில் எழுதியாயிற்றா என்ற தகவலைக் கோப்பின் பெயரிலேயே, ஒரு முக்காற்புள்ளிக்குப் பிறகு எழுதி வைப்பார்கள். விண்டோஸ் கோப்புப் பெயர்களில் முக்காற்புள்ளிக்கு இடமில்லை. ஆக, பென் டிரைவில் நகல் எடுக்கலாம் என்று போனால் பாதியில் நின்றுவிடும். நானே மாட்டிக்கொண்டேன். மொத்தத்தையும் ஒரே பொதியாகக் கட்டி எடுத்துப் போனால் சிக்கலில்லை.

தமிழ் எப்படிப் பயணித்தது

மாமாவின் எம்பாக்ஸ் கோப்பு ஒரு பழைய சிடியில் கிடைத்தது. 1997 முதல் 2002 வரையான மடல்கள், இருநூற்றுச் சொச்சம். திறந்தேன், திறந்தது. இருபத்தைந்து வருஷம் கழித்து, எந்த விசேஷ மென்பொருளும் இல்லாமல், சாதாரண எடிட்டரில் திறந்தது. தேதி, அனுப்பியவர், பொருள் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் உள்ளே இருக்க வேண்டிய தமிழைக் காணோம். ஐரோப்பிய உச்சரிப்புக் குறிகளும் பவுண்டு அடையாளமும் கால் பின்னம், அரைப் பின்னமுமாக ஒரே குப்பை.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இணையத்தில் மடல் போக்குவரத்துக்கான விதிகள் 1982-ல் எழுதப்பட்டபோது, ஓர் எழுத்துக்கு 7 பிட் என்று வைத்தார்கள். அதாவது 128 இடங்கள். ஆங்கிலத்துக்கு அது தாராளம். மற்ற மொழிக்காரர்கள் எட்டாவது பிட்டையும் சேர்த்து, மேலே இன்னொரு 128 இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த எட்டாவது பிட் வழியில் எல்லா சர்வர்களிலும் உயிரோடு தப்பும் என்று அன்றைக்கு உறுதியில்லை.

தமிழர்கள் இதற்கு மூன்று வழிகளைக் கண்டார்கள். மாமாவின் ஒரே கோப்பில் மூன்றும் அடுக்கடுக்காக இருக்கின்றன, கிணறு வெட்டும்போது மண் நிறம் மாறுகிற மாதிரி.

முதல் அடுக்கு, ஆங்கில எழுத்தில் தமிழ். 'அம்மா சௌக்கியமா' என்பதை ஆங்கில எழுத்துகளில் தட்டுவது. சோக் கல்ச்சர் தமிழ் போன்ற பழைய செய்திக்குழுக்களில் எல்லாரும் இப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். (வாட்ஸப்பில் இன்றைக்கும் இப்படித்தான் எழுதுகிறோம் என்பது வேறு விஷயம்.)

இரண்டாவது அடுக்கு 'மயிலை' எழுத்துரு. சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியல் அறிஞராக இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் உருவாக்கி இலவசமாகக் கொடுத்தது. ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை வைத்துவிட்டதால் மடல் 7 பிட்டுக்குள்ளேயே அடங்கிவிடும், எந்த சர்வரும் அதைக் கடித்துத் துப்பாது. எழுத்துரு இல்லாதவர் கண்ணுக்கு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். எழுத்துருவைப் போட்டால் தமிழ்.

மூன்றாவது அடுக்கு 'திஸ்கி'. மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல், ஆஸ்திரேலியாவிலிருந்து பாலா பிள்ளை 1995-ல் தொடங்கிய தமிழ்.நெட் மடற்குழு, இந்த இரண்டும் சேர்ந்துதான் தமிழிலேயே மடல் எழுதலாம் என்ற நம்பிக்கையை உலகம் பூராவும் இருந்த தமிழர்களுக்குக் கொடுத்தன. ஆனால் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு. இதை ஒழுங்குபடுத்த, பல நாடுகளில் இருந்த ஆர்வலர்கள் மின்னஞ்சலிலேயே மாதக்கணக்கில் வாதாடி உருவாக்கியதுதான் திஸ்கி. கீழ் 128 இடம் ஆங்கிலத்துக்கு, மேல் 128 இடம் தமிழுக்கு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் பல வருஷம் திஸ்கியில்தான் வந்தன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு டாம், டாப் என்று வேறு இரண்டு குறியீடுகளை அறிவித்தது. யூனிகோடில் தமிழ் 1991-லேயே இடம்பெற்றிருந்தாலும், சாதாரண வீட்டுக் கணினியில் அது சரியாகத் தெரிய 2000-க்குப் பிறகும் சில வருஷம் ஆனது. தமிழ்நாடு அரசு யூனிகோடை முறைப்படி ஏற்றது 2010-ல்.

திஸ்கியில் ஒரு தமாஷான, கொஞ்சம் சோகமான பிழை இருந்தது. 'இ' என்ற எழுத்துக்கு 173-ஆம் இடத்தைக் கொடுத்திருந்தார்கள். பல கணினிகளில் அந்த இடம் 'மென் இணைப்புக்கோடு', அதாவது வரி உடைந்தால் மட்டும் தெரியும், இல்லையென்றால் கண்ணுக்கே தெரியாத கோடு. விளைவு, சில நிரல்களில் 'இ' மட்டும் மாயமாகிவிடும். 'இங்கே' என்று எழுதினால் 'ங்கே' என்று வரும். பிறகு 1.7 பதிப்பில் 'இ'க்கு 254-ஆம் இடத்தையும் கொடுத்துச் சமாளித்தார்கள்.

மீட்ட கதை

மீட்பதற்கு நான் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. முதலில் பைத்தானில் பத்து வரி எழுதி எம்பாக்ஸை தனித்தனி மடலாகப் பிரித்தேன். பைத்தானில் எம்பாக்ஸ் படிக்கும் வசதி கூடவே வருகிறது. பல மடல்கள் 'கோட்டட் பிரிண்டபிள்' என்ற உறையில் இருந்தன. 8 பிட் எழுத்தை 7 பிட் பாதையில் பத்திரமாக அனுப்ப 1992-ல் வந்த மைம் ஏற்பாட்டில் ஒரு பகுதி அது. ஒவ்வொரு தமிழ் எழுத்துருவத்தையும் ஒரு சமக்குறியும் இரண்டு குறிகளுமாக மாற்றிவிடும், மடல் மூன்று மடங்கு வீங்கும். அந்த உறையைப் பிரித்தேன்.

அடுத்தது குறியீட்டு மாற்றம். லினக்ஸில் 'ஐகான்வ்' என்ற கட்டளை இருக்கிறதல்லவா, அதற்குத் திஸ்கி தெரியும். ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகத்தில் 2000-களின் தொடக்கத்திலேயே சேர்த்துவிட்டார்கள். யாரோ சிலர் அன்றைக்கு உட்கார்ந்து செய்த வேலை, இன்றைக்கு என் மடிக்கணினியில் சும்மா கிடக்கிறது. இதில் நேருக்கு நேர் மாற்றினால் போதாது. திஸ்கியில் 'கொ' என்பதைக் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே, ஒற்றைக் கொம்பு, 'க', கால் என்று வைப்பார்கள். யூனிகோடில் முதலில் 'க', பிறகுதான் உயிர்க்குறி. கொம்பைப் பிடித்து இடம் மாற்ற வேண்டும். ஐகான்வ் அதைச் சரியாகச் செய்கிறது. மயிலை மடல்களுக்கு ஓப்பன்-தமிழ் நூலகம் உதவியது. சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் மாற்றியிலும் ஒட்டிப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டேன்.

சில மடல்களில் எட்டாவது பிட் வழியிலேயே செத்துப்போயிருந்தது. அப்படியென்றால் ஒவ்வொரு எழுத்தின் எண்ணிலிருந்தும் 128 கழிந்துவிடும். 'அ' 171-ஆவது இடம், 128 போனால் 43, அது கூட்டல் குறி. 'க' 184, அது 56 ஆகி, எட்டு என்ற எண்ணாகத் தெரியும். 'ம' 193, அது ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஏ'. கால் 161, அது ஆச்சரியக்குறி. மடல் முழுக்க இப்படிக் குறிகளாக நின்றுகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் கடைசி வரியிலும் 'ஏ'யும் ஆச்சரியக்குறியும் இரண்டு தடவை அடுத்தடுத்து இருப்பதைப் பார்த்து ஏதோ கோளாறு என்று நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் புரிந்தது: 'மாமா' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

அந்த மடல்களுக்கு 128-ஐத் திரும்பக் கூட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. ஆனால் மாமா உண்மையிலேயே எட்டு என்று எழுதியிருந்தால் அதுவும் 'க' ஆகிவிடும். "க மணிக்கு ஃப்ளைட்" என்று ஒரு மடலில் வந்தது. அப்படிப்பட்டவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்தினேன். மூன்று வார இறுதிகள் ஆயின. இருநூற்றுச் சொச்சத்தில் பதினொன்று தவிர மற்ற எல்லாம் படிக்கிற நிலைக்கு வந்துவிட்டன.

போன பாதி

2002-ல் வேலை மாறினேன். புது அலுவலகத்தில் ஜன்னலும் பொத்தானும் வைத்த, பார்க்க அழகான ஒரு மடல் நிரல். பெயர் இங்கே தேவையில்லை, அன்றைக்குப் பல நிரல்கள் அப்படித்தான் இருந்தன. எல்லா மடலையும் தனக்கு மட்டும் தெரிந்த வடிவில் ஒரே பெரிய தரவுக் கோப்பாக வைத்துக்கொள்ளும். 2002 முதல் 2006 வரை மாமா எழுதிய மடல்கள் அதில்தான் இருந்தன. உடம்பு சரியில்லாமல் போன பிறகு எழுதியவையும் அதில்தான்.

அந்தக் கோப்பை நான் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். இரண்டு ஹார்ட் டிஸ்க் மாறி வந்த கோப்பு. நடுவில் ஒரு டிஸ்கில் சில பகுதிகள் பழுதாகியிருந்ததைக் கவனிக்காமல் அப்படியே நகல் எடுத்திருக்கிறேன். கோப்பின் அளவு சரியாக இருக்கிறது, திறக்கத்தான் மாட்டேன் என்கிறது. எந்த மடல் எங்கே இருக்கிறது என்று சொல்கிற அட்டவணைப் பகுதி போய்விட்டது. உள்ளே இருப்பதோ சுருக்கியும் துண்டு துண்டாகச் சிதறியும் கிடக்கிறது. மீட்புக் கருவிகள் நாலைந்தைப் போட்டுப் பார்த்தேன். சில முகவரிகளும் அரைகுறை வரிகளும் கிடைத்தன, அவ்வளவுதான்.

இதே பழுது எம்பாக்ஸில் வந்திருந்தால்? பழுதான இடத்தில் இருக்கும் இரண்டு மூன்று மடல்கள் போயிருக்கும். அடுத்த 'ஃப்ரம்' வரியிலிருந்து மறுபடி படிக்க ஆரம்பிக்கலாம். மெயில்டிராக இருந்தால் அந்தக் கோப்புகள் மட்டும் போகும். முட்டாள்தனமாக எளிமையான வடிவத்தின் பலம் அதுதான். பழுது ஓரிடத்தில் என்றால் நஷ்டமும் ஓரிடத்தோடு நிற்கும்.

என் வீட்டுக்கதை இது. ஊர்க்கதையும் உண்டு. 2000-களில் இணையத்தில் தமிழ் எழுதியவர்களுக்கு மரத்தடி, ராயர் காப்பி கிளப், அகத்தியர் போன்ற யாஹூ குழுமங்கள் நினைவிருக்கும். கதை, விமர்சனம், இலக்கணச் சண்டை, சமையல் குறிப்பு என்று எல்லாம் மடலாகவே நடந்தது. இன்று புத்தகம் போட்டிருக்கும் பலர் அங்கேதான் எழுதிப் பழகினார்கள். யாஹூ நிறுவனம் 2019 அக்டோபரில் குழுமங்களின் பழைய மடல்களை எடுத்துவிடப் போவதாக அறிவித்தது. 2020 டிசம்பர் 15-ல் சேவையே நின்றது. அந்த மடல்களைத் தன் கணினியில் இறக்கி வைத்திருந்தவர்களிடம் இருப்பதுதான் இன்றைக்கு மிச்சம். 'அது அங்கே இருக்கிறது' என்று நினைத்தவர்களிடம் ஒன்றுமில்லை.

படி ஓலையும் மூல ஓலையும்

எங்கள் ஊர் சுந்தரர் பிறந்த ஊர் என்பதால் அவருடைய திருமணக் கதை சின்ன வயசிலேயே எல்லாருக்கும் மனப்பாடம். பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் கதைதான். புத்தூரில் கல்யாணம். முகூர்த்த நேரத்தில் ஒரு கிழவர் வந்து, "மாப்பிள்ளை என் அடிமை, இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது" என்கிறார். சுந்தரர் அந்த ஓலையைப் பிடுங்கிக் கிழித்தே போடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. அங்கே கிழவர் நிதானமாகச் சொல்கிறார்: கிழித்தது படி ஓலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது.

சின்ன வயசில் இதைக் கேட்டபோது கிழவரின் தந்திரம்தான் பிடித்திருந்தது. இப்போது சபையின் நடைமுறைதான் கண்ணில் படுகிறது. ஊர்க் கரணத்தான் ஓலையை வாங்கி எல்லார் முன்னிலையிலும் வாசிக்கிறார். பிறகு அது பாட்டனின் கையெழுத்துதானா என்று பார்க்க, காப்பில் இருக்கும் வேறொரு ஓலையை வரவழைத்து ஒப்பிடுகிறார்கள். ஆக, நகல் ஒன்று, மூலம் ஒன்று. எழுதியவரும் எழுதிக் கொடுத்தவரும் போன பிறகும் ஊரில் ஒருத்தர் வாசிக்கக்கூடிய எழுத்து. சரிபார்க்க வேறோர் இடத்தில் வேறோர் ஆவணம். நாங்கள் அலுவலகத்தில் 'பேக்கப் பாலிசி' என்று நாற்பது பக்கம் எழுதுவதில் இதற்கு மேல் அதிகம் ஒன்றுமில்லை.

நான் 2002-க்குப் பிறகு செய்தது என்ன? கரணத்தான் வாசிக்க முடியாத எழுத்தில், படி ஓலை இல்லாமல், மூலத்தை மட்டும் வைத்திருந்தேன்.

கறுப்புத் திரை நிரல்களுக்கு எதிர்காலம் உண்டா?

பைன், மட் மாதிரி நிரல்கள் இன்னும் இருக்கின்றனவா என்று கேட்கிறீர்களா? இருக்கின்றன. பைன் 'ஆல்பைன்' ஆகிவிட்டது. பல்கலைக்கழகம் 2008-ல் கைவிட்ட பிறகும் தன்னார்வத்தில் தொடர்கிறது. மட் 2020-ல் இரண்டாவது பெரும் பதிப்புக்கு வந்தது, பக்கத்திலேயே 'நியோமட்' என்று ஒரு கிளையும் வளர்கிறது. 2009-ல் கார்ல் வொர்த் தொடங்கிய 'நாட்மச்' மெயில்டிரில் இருக்கும் மடல்களுக்கு அட்டவணை போட்டு நொடியில் தேடித் தருகிறது. மடலின் உள்ளடக்கத்தில் அது கையே வைப்பதில்லை. 'ஏர்க்' என்ற புது நிரலும் 2019 முதல் வந்துகொண்டிருக்கிறது.

ஆனால் கதவு குறுகிக்கொண்டே வருகிறது. 2022 மே 30 முதல் கூகுள், வெறும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழையும் வெளி நிரல்களைத் தனிநபர் கணக்குகளில் நிறுத்தத் தொடங்கியது. இரண்டடுக்குச் சரிபார்ப்பு வைத்திருந்தால் தனியாக ஒரு செயலிக் கடவுச்சொல் வாங்கிக்கொள்ளலாம். அதே வருஷம் அக்டோபரில் மைக்ரோசாஃப்டும் தன் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் பழைய முறையை மூட ஆரம்பித்தது. பாதுகாப்புக்காகச் செய்தது, தப்பு சொல்ல முடியாது. இருந்தாலும் ஒரு மடல் படிக்க உலாவியைத் திறந்து அனுமதி வாங்கி, அந்தச் சாவியைப் புதுப்பிக்க ஒரு தனி நிரல் ஓட்ட வேண்டியிருக்கிறது. புதிதாக வருகிறவர் இதையெல்லாம் செய்யமாட்டார்.

தமிழர்களுக்கு இன்னொரு சிக்கல். டெர்மினல் என்பது கட்டம் போட்ட நோட்டு, ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. தமிழ் அப்படி உட்காராது. யூனிகோடின் வகைப்பாட்டில் புள்ளியும் 'ீ' குறியும் இடம் எடுக்காதவை, மற்ற உயிர்க்குறிகள் இடம் எடுப்பவை. பழைய அகலக் கணக்குகள் இதை அப்படியே எடுத்துக்கொண்டு 'மி'க்கு இரண்டு கட்டம், 'மீ'க்கு ஒரு கட்டம் என்று ஒதுக்கும். நிரல் ஒரு கணக்கும் டெர்மினல் இன்னொரு கணக்கும் போட்டால் வரி கோணிக்கொண்டு போகும். எம்எல்டெர்ம் போன்ற சில டெர்மினல்கள் இந்திய எழுத்துகளைப் பரவாயில்லாமல் காட்டுகின்றன. மாமாவின் மடல்களை மட்டில் திறந்து பார்த்தேன். படிக்க முடிகிறது, ரசித்துப் படிக்க முடியவில்லை.

அதனால் நாளைக்கே எல்லாரும் கறுப்புத் திரைக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. என் மனைவியே திட்டுவார். நான் சொல்ல வருவது வேறு. இந்த நிரல்களைப் பிடிவாதமாக வைத்திருக்கும் சின்னக் கூட்டம்தான் எம்பாக்ஸையும் மெயில்டிரையும் உயிரோடு வைத்திருக்கிறது. அந்த வடிவங்களைப் பிரிக்க, மாற்ற, தேட, சரிபார்க்கத் தேவையான சிறு கருவிகளை எழுதுவதும் அவர்கள்தான். அந்தக் கருவிகள் இல்லாமல் என்னால் ஒரு மடலைக்கூட மீட்டிருக்க முடியாது. ஜிமெயிலில் இருக்கும் உங்கள் மடல்களையெல்லாம் மொத்தமாகத் திருப்பிக் கேட்டுப் பாருங்கள். 'டேக்அவுட்' என்று ஒரு வசதி இருக்கிறது. கூகுள் என்ன வடிவில் தருகிறது தெரியுமா? எம்பாக்ஸ். அத்தனை பெரிய நிறுவனமும் வீட்டைக் காலி செய்கிறவருக்குச் சாமான் கட்டிக் கொடுப்பது அந்தப் பழைய சாக்கில்தான்.

நான் இப்போது செய்வது இது: ஆறு மாதத்துக்கு ஒருமுறை எம்பாக்ஸாக இறக்குவேன். அதை மெயில்டிராகப் பிரித்து இரண்டு டிஸ்கில் வைக்கிறேன், ஒன்று சென்னையில், ஒன்று திருநாவலூரில். நகல் எடுத்ததும் கோப்புகளின் செக்சம் சரியாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கிறேன். வருஷத்துக்கு ஒருமுறை ஏதாவது நாலு மடலைத் திறந்து வாசித்தும் பார்க்கிறேன். இறுதியாகச் சொன்னதுதான் முக்கியம். என் பழைய கோப்பை 2008-ல் ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் பழுது அப்போதே தெரிந்திருக்கும்.

சித்திரையில் ஊருக்குப் போனபோது மீட்ட மடல்களைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, பைண்ட் பண்ணி அம்மாவிடம் கொடுத்தேன். கடைசி நாலு வருஷத்து மடல்கள் இதில் இல்லை என்பதையும் சொன்னேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். முதல் பக்கத்திலிருந்தே சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். நடுவில் ஒரு மடலில் 173-ஆம் இடத்துக் கோளாறை நான் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். "ங்கே எல்லாரும் சௌக்கியம் அக்கா" என்று அச்சாகியிருந்தது. அம்மா தடுமாறவே இல்லை. "இங்கே எல்லாரும் சௌக்கியம் அக்கா" என்று படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.